டிரைவர் இல்லாத கார் விபத்து வருஷா வருஷம் ஏறுதே, யாரும் கேக்க மாட்டாங்களா?

கேள்வி, 12 அக்டோபர் 2025
2021ல இருந்து அமெரிக்காவுல தானா ஓடுற கார் விபத்து ரிப்போர்ட் கூடிக்கிட்டே போகுது. கிராஃப் ஒரே ஏத்தம். இன்னும் ரோட்ல விட்டு வெச்சிருக்காங்கன்னா எவனோ எங்கயோ காசு வாங்கிட்டான்னுதான் அர்த்தம். அரிசோனா, ஃபீனிக்ஸ் பக்கம் இருக்கறவங்க யாராவது உண்மையைச் சொல்லுங்க.

12 அக்டோபர், இரவு
நான் சாண்ட்லர்ல இருக்கேன், ஃபீனிக்ஸ் பக்கத்துலயே. வேலை இன்சூரன்ஸ் கிளெய்ம் டேட்டா, அதாவது யார் யாரை இடிச்சாங்கன்னு நாள் பூரா பாத்துக்கிட்டு உக்காந்திருக்கற வேலை. அதனால வாய் சும்மா இருக்காது.

கிராஃப் ஏறுது, சரிதான். ஆனா 2021 ஜூன்லதான் என்.எச்.டி.எஸ்.ஏ (இங்க வண்டிப் பாதுகாப்பு பாக்கற அரசு அமைப்பு) ஒரு ஆர்டர் போட்டுச்சு, இந்த மாதிரி வண்டி மோதினா கம்பெனி ரிப்போர்ட் பண்ணியே ஆகணும்னு. அதுக்கு முன்னாடி நாடு முழுக்க சேத்து எண்ண ஒரு கணக்கே கிடையாது. அப்புறம் வண்டி எத்தனை ஓடுது? வேமோ (டிரைவர் இல்லாத டாக்ஸி ஓட்டுற கம்பெனி) மட்டும் 2023 நடுவுல வாரத்துக்கு 10,000 சவாரி, 2024 ஆகஸ்ட்ல 1 லட்சம், 2025 ஏப்ரல்ல 2.5 லட்சம். தெருவுல ஒரு டீக்கடை இருந்தப்ப உடைஞ்ச கிளாஸையும் பத்து கடை வந்த பிறகு உடைஞ்ச கிளாஸையும் பக்கத்துல பக்கத்துல வெச்சு, ஐயோ இந்த ஊர்ல எல்லாரும் கிளாஸ் உடைக்கிறாங்கன்னு சொன்னா எப்படி.

எத்தனை மைலுக்கு எத்தனைன்னு கேளுங்க, அது இல்லாத கிராஃபை ஷேர் பண்ணாதீங்க. 2025 ஜூன்ல அந்த ஆர்டரைத் திருத்தி, சின்னச் சின்ன பொருள் சேதம் மட்டும் ஆன கேஸுக்கு ரிப்போர்ட் கட்டாயத்தைத் தளர்த்திட்டாங்க, அதனால இனிமே கோடு இறங்கினாலும் இறங்கும். அப்ப ஆகா பாதுகாப்பு கூடிருச்சுன்னு வேற ஒருத்தர் இழை ஆரம்பிப்பார். அவருக்கும் இதே பதில்தான், இப்பவே சொல்லி வெச்சுடறேன்.

13 அக்டோபர், காலை
மேல ஒரு தம்பி டெஸ்லாதான் அதிகமா மோதுதுன்னு குதிக்கிறார். அந்த கிராஃப்ல ரெண்டு வேற வேற சமாச்சாரத்தை ஒண்ணாக் கொட்டியிருக்காங்க.

2022 ஜூன்ல முதல் தடவை டேட்டா வெளிய வந்தப்ப ரெண்டு லிஸ்ட். ஒண்ணு லெவல் 2, அதாவது ஸ்டியரிங்கும் பிரேக்கும் வண்டி பாத்துக்கும் ஆனா பொறுப்பு சீட்ல உக்காந்திருக்கற மனுஷனுக்கு. அதுல 392 கேஸ், டெஸ்லா 273, ஹோண்டா 90. இன்னொண்ணு நிஜமாவே தானா ஓட்டுற சிஸ்டம், அதுல 130, வேமோ 62. 273னு பாத்ததும் தீர்ப்பு எழுதிடாதீங்க. டெஸ்லா வண்டி மோதினா அதுவே நெட்வொர்க் வழியா கம்பெனிக்குச் சொல்லிடும், மத்த பல கம்பெனிக்கு யாராவது புகார் பண்ணாத்தான் விஷயமே தெரியும். நல்லா எண்றவன் லிஸ்ட்ல மேல வர்றான்.

அதுக்காக டெஸ்லாவை விட்டுரலாம்னு இல்ல. 2024 ஏப்ரல்ல என்.எச்.டி.எஸ்.ஏ ஆட்டோபைலட் (டெஸ்லாவோட லெவல் 2 சிஸ்டம்) விசாரணையை முடிச்சப்ப 956 விபத்தைப் பாத்திருந்தாங்க, டிரைவர் கவனம் இல்லாம இருந்ததைச் சமாளிக்க அந்த சிஸ்டத்துல போதுமான ஏற்பாடு இல்லைன்னு தெளிவாவே எழுதியிருக்காங்க. அதுக்கு முன்னாடி 2023 டிசம்பர்லயே 20 லட்சம் வண்டிக்கு மேல ரீகால். இந்த வருஷம் ஆகஸ்ட்ல மயாமி ஜூரி, 2019ல ஃப்ளோரிடா கீ லார்கோவுல நடந்த ஒரு சாவுக்கு டெஸ்லா 24 கோடி டாலருக்கு மேல கொடுக்கணும்னு சொல்லிருச்சு. அந்த டிரைவர் கீழ விழுந்த போனை எடுக்கக் குனிஞ்சவர். தப்புல பெரும்பங்கு அவருக்கு, மூணுல ஒரு பங்கு கம்பெனிக்குன்னு ஜூரி பிரிச்சாங்க. அந்தப் பிரிப்பை யோசிங்க, எனக்கு அது ரொம்ப நேர்மையாப் படுது.

13 அக்டோபர், ராத்திரி
லெவல் 2 பத்தி சொந்த அனுபவம். என் வண்டியிலயும் லேன் நடுவுல புடிச்சுக்கிட்டுப் போற சமாச்சாரம் இருக்கு, பிராண்ட் எதுன்னு கேக்காதீங்க, எல்லாம் ஒரே லட்சணம்தான். முதல் வாரம் ரெண்டு கையும் ஸ்டியரிங்ல, கண்ணு ரோட்ல, பரீட்சை எழுதற மாதிரி. ஒரு மாசத்துல மனசு எங்கயோ போயிருச்சு, ஆபீஸ், வீட்டு லோன், பையனோட மேத்ஸ். ஒரு சாயங்காலம் லூப் 202ல (இங்க இருக்கற ஃப்ரீவே) மேற்கு பாத்துப் போறேன், இந்த ஊர் அஸ்தமன வெயில் தெரிஞ்சவங்களுக்குத் தெரியும், நேரா கண்ணுல குத்தும், கேமராவுக்கும் அதேதான் போல, கோடு தெரியலைன்னு டொய்ங்னு ஒரு சத்தம் போட்டுட்டு கையை விட்டுருச்சு. நான் முழிச்சுக்கறதுக்குள்ள வண்டி பக்கத்து லேன் கோட்டை மிதிச்சாச்சு. ஒண்ணும் ஆகலை, பக்கத்துல ஆள் இல்ல.

முழுசா ஓட்டினா கவனமா ஓட்டுவேன், முழுசா விட்டுட்டா தூங்குவேன், இந்த ரெண்டுங்கெட்டான் நிலையிலதான் மனுஷன் மாட்டறான். கம்பெனிக்காரன் “நீங்க எப்பவும் கவனமா இருக்கணும்”னு சின்ன எழுத்துல போட்டுட்டு கையைக் கழுவிக்கிறான்.

15 அக்டோபர்
“வேமோவை எல்லாரும் பின்னாடி வந்து இடிக்கிறாங்களாமே, அப்ப வேமோ மேல என்ன தப்பு”ன்னு ஒருத்தர். பாதி சரி. கலிஃபோர்னியாவுல சோதனை வண்டி மோதினா 10 நாளைக்குள்ள அங்க இருக்கற மோட்டார் வாகனத் துறைக்கு ரிப்போர்ட் கொடுக்கணும், அதுல பெரிய பங்கு பின்னாடி வந்து இடிச்ச கேஸ்தான். காரணம் ரொம்ப சாதாரணம், ஸ்டாப் போர்டுல நாம உருட்டிக்கிட்டே போயிடுவோம், அது நிஜமாவே நிக்கும். பின்னாடி வர்றவன் முன்னாடி வண்டி போயிரும்னு கால்குலேட் பண்ணி இடது பக்கம் பாத்துக்கிட்டே வந்து முட்டுவான்.

இன்சூரன்ஸ்ல பின்னாடி வந்து இடிச்சவன் மேலதான் தப்புன்னு கண்ணை மூடிக்கிட்டு எழுதுவோம். ஆனா காலையில இருந்து யோசிச்சுக்கிட்டே இருந்தேன், சட்டப்படி தப்பு வேற, விபத்துக்குக் காரணம் வேற. ஒண்ணுமே இல்லாத இடத்துல நிழலைப் பாத்து சடார்னு பிரேக் போடுற வண்டி சட்டப்படி சுத்தம், ஆனா அது இல்லாம இருந்தா அந்த இடி நடந்திருக்காது. அதனால “தப்பு யார் மேல”ங்கற கட்டத்தை வெச்சுப் பாதுகாப்பை அளக்க வேண்டாம். வண்டி சம்பந்தப்பட்ட எல்லா மோதலையும் எடுத்து, அதே ஊர் அதே ரோட்ல மனுஷங்க சம்பந்தப்பட்ட எல்லா மோதலோட ஒப்பிடணும்.

18 அக்டோபர்
சரி, அந்த ஒப்பீட்டைச் செஞ்சா என்ன வருதுன்னு கேட்டீங்க.

வேமோ ஆளுங்க இந்த வருஷம் ஒரு பேப்பர் வெளியிட்டாங்க, ஜனவரி 2025 வரைக்கும் டிரைவர் சீட்ல யாரும் இல்லாம ஓடின 5.67 கோடி மைல். அதே ஊர்கள்ல மனுஷ டிரைவரோட ஒப்பிட்டா நடந்து போறவங்களுக்குக் காயம் பட்ட மோதல் 92 சதவீதம் கம்மி, சைக்கிள் 82, மோட்டார்சைக்கிள் 82, சந்திப்புல வண்டியோட வண்டி மோதி காயம் பட்டது 96. இந்த 96தான் எனக்கு நம்பற மாதிரி இருக்கு, ஏன்னா சந்திப்புல பெரிய அடி நிறைய விழறது சிவப்பு லைட்டைத் தாண்டறவனாலயும் தண்ணி போட்டவனாலயும், மெஷின் தண்ணி போடாது, லைட்டை வேணும்னே தாண்டாது, தாண்டி வர்றவனையும் முன்னாடியே பாத்துடும்.

“கம்பெனியே எழுதின பேப்பரை நம்பறதா?” நியாயமான கேள்வி. ஆய்விதழ்ல வெளி ஆளுங்க பாத்துத்தான் வந்திருக்கு, இருந்தாலும் சந்தேகப்படுங்க. எனக்கு அதை விட 2024 டிசம்பர்ல சுவிஸ் ரீ கூட சேந்து பண்ணின ஆய்வு முக்கியம். சுவிஸ் ரீன்னா இன்சூரன்ஸ் கம்பெனிக்கே இன்சூரன்ஸ் கொடுக்கறவன், காசு விஷயத்துல சென்டிமென்ட் பாக்க மாட்டான். 2.53 கோடி மைல்ல மனுஷ டிரைவரை விடப் பொருள் சேத கிளெய்ம் 88 சதவீதம் கம்மி, உடல் காய கிளெய்ம் 92 சதவீதம் கம்மி. “பழைய டப்பா கார்களோட ஒப்பிட்டிருப்பான்”னு நினைச்சேன், பாத்தா தானா பிரேக் போடுற புது மாடல் கார் ஓட்டறவங்களோடயும் தனியா ஒப்பிட்டிருக்காங்க, அப்பவும் 86, 90 சதவீதம் கம்மி.

போலீஸ் ரிப்போர்ட்டை விட கிளெய்ம் ஏன் மேல்னா, மனுஷன் மோதினா போலீஸுக்கே போகாது. என்.எச்.டி.எஸ்.ஏ கணக்குப்படி பொருள் சேதம் மட்டும் ஆன விபத்துல கிட்டத்தட்ட 60 சதவீதமும், காயம் பட்டதுலயே 32 சதவீதமும் போலீஸ் ரிப்போர்ட் ஆகறதில்ல. பார்க்கிங்ல ஒருத்தன் பம்பரைத் தடவிட்டுப் போனா நாமளே பேசி முடிச்சுக்கறோம். ரோபோ கார்ல அது நடக்காது, ஒரு கீறல் விழுந்தாலும் வீடியோவோட பதிவாகும். ஒரு பக்கம் எல்லாத்தையும் எண்ணி இன்னொரு பக்கம் பாதியை விட்டா ஒப்பீடே கோணல், சுவாரசியம் என்னன்னா கோணல் ரோபோவுக்கு எதிரா.

19 அக்டோபர்
சாவு பத்தி மட்டும் எவன் சதவீதம் சொன்னாலும் நம்பாதீங்க, ரெண்டு பக்கமும். அமெரிக்காவுல 2023ல ரோட்ல செத்தவங்க 40,901 பேர், 10 கோடி மைலுக்கு 1.26. 5.67 கோடி மைல்ல மனுஷன் ஓட்டியிருந்தாலே ஒண்ணு கூட வராம போகலாம். 2016லயே ராண்ட்ங்கற ஆராய்ச்சி நிறுவனம் கணக்குப் போட்டு, சாவு விகிதம் மனுஷனை விட மோசமில்லைன்னு 95 சதவீத நம்பிக்கையோட காட்டவே ஒரு சாவு கூட இல்லாம 27.5 கோடி மைல் ஓட்டணும்னு சொன்னாங்க. 100 வண்டி ராத்திரி பகலா ஓடினா 12 வருஷம் 6 மாசம்.

19 அக்டோபர், கொஞ்ச நேரம் கழிச்சு
“94 சதவீத விபத்து மனுஷத் தப்பு, அதனால ரோபோ வந்தா 94 சதவீதம் போயிரும்”னு எழுதினவருக்கு: அந்த நம்பர் தப்பாப் பரவினது. விபத்துக்கு முன்னாடி கடைசியா நடந்த காரியம் டிரைவர் பக்கம் இருந்ததுன்னுதான் அந்த நம்பர் வந்த ஆய்வு சொன்னது, முழுக் காரணம்னு அவங்களே சொல்லல. ரோடு எப்படி போட்டிருக்கு, ஸ்பீடு லிமிட் என்ன, ஃபுட்பாத் இருக்கா, இதெல்லாம் எங்க போச்சு? ஐ.ஐ.ஹெச்.எஸ் (இன்சூரன்ஸ் கம்பெனிங்க காசுல நடக்கற சாலைப் பாதுகாப்பு ஆய்வு நிறுவனம்) 2020ல பாத்தப்ப, ரோபோவும் மனுஷன் மாதிரி அவசரமாவே ஓட்டினா மூணுல ஒரு பங்கு விபத்துதான் தவிரும்னு வந்துச்சு. கண்ணு நல்லாத் தெரிஞ்சா மட்டும் போதாது, நிதானமாவும் போகணும்.

26 அக்டோபர்
கொஞ்சம் டாபிக் மாறுது, பொறுத்துக்கங்க. மாமனார் ஊர்ல இருந்து வந்திருக்கார், அரசு பஸ் டிரைவரா இருந்து ரிட்டயர் ஆனவர். அவரைக் கூட்டிக்கிட்டு சும்மா பக்கத்து ஊர் டெம்பி வரைக்கும் வேமோவுல ஒரு சவாரி. ஸ்டியரிங் தானா திரும்பறதைப் பாத்து அலறுவார்னு போனை வீடியோவுல போட்டு வெச்சிருந்தேன். மனுஷன் அலறவே இல்ல. முன் சீட்டு ஓரத்தைப் புடிச்சுக்கிட்டு வலது கால் மட்டும் பிரேக் போட்டுக்கிட்டே வர்றார், பாவம், இல்லாத பிரேக்கு. பத்து நிமிஷம் கழிச்சு “இவன் முன்னாடி போறவனைப் பாக்கல மாப்ள, அவனுக்கும் முன்னாடி போறவனைப் பாக்கறான், எங்க டிப்போவுல புதுப் பசங்களுக்கு இதைச் சொல்லியே தொண்டை வறண்டு போகும்”னார். இறங்கறப்ப ஒரு குறை வேற, “ஒரு ஹார்ன் கூட அடிக்கல, ரோட்ல இருக்கறவனுக்கு நாம வர்றது எப்படித் தெரியும்?”

அவர் கேட்ட இன்னொரு கேள்விக்குத்தான் என்கிட்ட பதில் இல்ல. “நான் ஒருத்தனை இடிச்சா என் லைசென்ஸைப் புடுங்குவான். இதுல யாரோடதைப் புடுங்குவான்?”

29 அக்டோபர்
மாமனார் கேள்வி மண்டையிலயே ஓடுது. சதவீதமெல்லாம் சொல்லிட்டேன், ஆனா இந்த இழையில நான் நிஜமா சொல்ல வேண்டியது வேற. இந்த மெஷின் நம்மள மாதிரித் தப்புப் பண்றதில்ல, அதோட தப்பே வேற ஜாதி. எண்ணிக்கையைப் பாத்துக்கிட்டு இருந்தா அது கண்ணுலயே படாது.

2018 மார்ச் 18, டெம்பி, நாங்க சவாரி போனோமே அதே ஊர். ஊபர் சோதனை வண்டி, ராத்திரி, 49 வயசு அம்மா ஒருத்தங்க சைக்கிளைத் தள்ளிக்கிட்டு ரோட்டைக் கடக்கறாங்க. தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியத்தோட அறிக்கையைப் படிச்சுட்டு ரொம்ப நேரம் அப்படியே உக்காந்திருந்தேன். மோதறதுக்கு 5.6 செகண்ட் முன்னாடியே சென்சார் அவங்களைப் பாத்துருச்சு. முதல்ல வண்டின்னு நினைச்சுது, அப்புறம் ‘வேற ஏதோ’ன்னு, அப்புறம் சைக்கிள்னு, மாத்தி மாத்தி. ஒவ்வொரு தடவை பேரை மாத்தறப்பவும் அது எந்தப் பக்கம் போகுதுங்கற பழைய கணக்கு அழிஞ்சு புதுசா ஆரம்பிக்குது. கிராஸிங் இல்லாத இடத்துல மனுஷன் கடப்பான்னே அந்த சாஃப்ட்வேருக்குச் சொல்லிக் கொடுக்கல. வீணா பிரேக் போடக் கூடாதுன்னு ஒரு செகண்ட் தாமதம் வேற வெச்சிருந்தாங்க. அந்த வோல்வோ காரோட சொந்த எமர்ஜென்சி பிரேக்கையும் தானா ஓடுற மோட்ல அணைச்சு வெச்சிருந்தாங்க. கண்காணிக்கறதுக்காக டிரைவர் சீட்ல இருந்தவங்க போன்ல வீடியோ பாத்துக்கிட்டு இருந்தாங்க, கோர்ட்டுக்குப் போனது அவங்க ஒருத்தர்தான், கம்பெனி மேல கிரிமினல் கேஸ் கிடையாதுன்னு அரசுத் தரப்பு சொல்லிருச்சு. மாமனார் கேள்விக்கு ஒரு பதில் கிடைச்ச மாதிரி இருக்கு, ஆனா நல்ல பதில் இல்ல.

2023 அக்டோபர் 2, சான் பிரான்சிஸ்கோ. மனுஷன் ஓட்டின கார் ஒரு பெண்ணை இடிச்சுத் தூக்கி எறிஞ்சுட்டு ஓடிப் போயிருச்சு, அவங்க பக்கத்து லேன்ல வந்த க்ரூஸ் (ஜெனரல் மோட்டார்ஸோட டிரைவர் இல்லாத டாக்ஸி) வண்டி முன்னாடி விழுந்தாங்க. க்ரூஸ் பிரேக் போட்டுச்சு, இடிச்சுச்சு, நின்னுச்சு. இது வரைக்கும் எந்த மனுஷனும் இதை விடப் பெருசா ஒண்ணும் செஞ்சிருக்க முடியாது. அதுக்கப்புறம் வண்டி, பக்கவாட்டுல ஏதோ இடிச்சிருக்குன்னு முடிவு பண்ணி ‘ஓரம் கட்டு’ங்கற விதிப்படி நகர்ந்துச்சு, அடியில ஆள் இருக்கறது தெரியாம, 20 அடி இழுத்துக்கிட்டு. குடிகாரன் கூட செய்ய மாட்டான். அதை விடக் கேவலம், இழுத்த பகுதியைக் கம்பெனி அதிகாரிங்ககிட்ட ஒழுங்காச் சொல்லல. அக்டோபர் 24 பர்மிட்டை நிறுத்தி வெச்சாங்க, 950 வண்டி ரீகால், அடுத்த வருஷம் டிசம்பர்ல ஜெனரல் மோட்டார்ஸ் ரோபோடாக்ஸிக்குக் காசு போடறதையே நிறுத்திருச்சு. க்ரூஸை மூடினது விபத்து இல்ல, மறைச்சதுதான்னு நான் சொல்லுவேன்.

மூணாவது கொஞ்சம் சிரிப்பு. 2023 டிசம்பர், ஃபீனிக்ஸ். ஒரு பிக்கப் ட்ரக்கை இன்னொரு வண்டி கோணலா, பின்பக்கம் முன்னாடி இருக்கற மாதிரி கட்டி இழுத்துக்கிட்டுப் போகுது. வேமோவுக்கு அது எந்தப் பக்கம் போகும்னு புரியல, இடிச்சுச்சு. கொஞ்ச நிமிஷத்துல அதே ட்ரக்கை இன்னொரு வேமோவும் இடிச்சுச்சு! ரெண்டும் ஒரே மூளை, ஒரே குழப்பம். 444 வண்டிக்கு ரீகால். ரீகால்னா கராஜுக்கு ஓட்டிட்டுப் போறதெல்லாம் இல்ல, சாஃப்ட்வேர் மாத்தறதுதான்.

நான் தப்புப் பண்ணினா நான் ஒருத்தன், அதுல படற பாடமும் எனக்கு மட்டும். அது தப்புப் பண்ணினா அதே நிமிஷம் ஆயிரம் வண்டியிலயும் அதே தப்பு காத்துக்கிட்டு இருக்கு, திருத்தினாலும் ஆயிரத்துலயும் திருந்தும். அதனாலதான் ஒவ்வொரு விபத்துக்கும் முழுக் கதை வெளிய வரணும்னு கத்தறேன், எண்ணிக்கை மட்டும் பத்தாது. டெக்சாஸ் ஆஸ்டின்ல ஜூன்ல இருந்து ஓடுற டெஸ்லா ரோபோடாக்ஸியோட ரிப்போர்ட்டைத் திறந்து பாருங்க, என்ன நடந்துச்சுன்னு எழுத வேண்டிய கட்டத்துல வியாபார ரகசியம்னு கறுப்படிச்சிருக்கும். வேமோ அந்தக் கட்டத்தை எழுதுது. எனக்கு இந்த வித்தியாசம் எல்லா சதவீதத்தையும் விடப் பெருசு.

14 நவம்பர்
வேமோ ஃப்ரீவே சவாரியைப் பொது ஜனத்துக்குத் திறந்துட்டாங்க, ஃபீனிக்ஸ், சான் பிரான்சிஸ்கோ, லாஸ் ஏஞ்சல்ஸ் மூணுலயும். மேல நான் கொடுத்த 5.67 கோடி மைல் ஒப்பீடு ஊருக்குள்ள ரோட்டுக்கானது, அதை எடுத்து 65 மைல் வேகத்துக்கு ஒட்டாதீங்க. அங்க சந்திப்பு கிடையாது, சைக்கிள் கிடையாது, ஆனா தப்பு நடந்தா அடி பலமா விழும். ரோட்ல கழண்டு விழுந்த லாரி டயரை எப்படிச் சமாளிக்குதுன்னு பாக்கணும். கணக்குப் புதுசா ஆரம்பிக்கணும்.

6 டிசம்பர்
ஸ்கூல் பஸ் விஷயம் பாத்தீங்களா. இங்க மஞ்சள் பஸ் நின்னு சிவப்பு விளக்கு போட்டு ஸ்டாப் பலகையை நீட்டினா ரோட்ல எல்லாரும் நிக்கணும், என் பையன் தினமும் அதுலதான் இறங்கறான். வேமோ வண்டிங்க ஆஸ்டின்ல அப்படி நின்ன பஸ்ஸைத் தாண்டிப் போயிருக்கு, ஒரு தடவை இல்ல, திரும்பத் திரும்ப. சாஃப்ட்வேரைச் சரி பண்ணிட்டோம்னு சொன்ன பிறகும் நடந்ததா அந்தப் பள்ளி மாவட்டம் சொல்லுது. இப்ப ரீகால்.

ஒரு குழந்தைக்கும் அடி படல. அதனால எந்த விபத்து கிராஃப்லயும் இது வராது, முதல்ல கேட்டவரோட கிராஃப்லயும் சரி, கம்பெனியோட 92, 96லயும் சரி. நான் பயப்படறது இந்த மாதிரி விஷயத்துக்குத்தான். ரோபோ ஆதரவாளர்னு என்னைத் திட்டினவங்க இதைச் சேத்துப் படிங்க.

27 டிசம்பர்
20ஆம் தேதி சான் பிரான்சிஸ்கோவுல கரண்ட் போய் சிக்னல் அணைஞ்சதும் வேமோ எல்லாம் சந்திப்புல அப்படியே நின்ன வீடியோவை அம்பது பேர் அனுப்பிட்டீங்க, போதும். சிக்னல் செத்துப் போனா நாலு பக்கமும் ஸ்டாப் மாதிரி பாத்துப் போகணும்னு அதுக்குத் தெரியும், ஆனா சில இடத்துல உறுதி பண்ணிக்க ஆபீஸ்ல இருக்கற மனுஷன்கிட்ட கேக்கும். ஒரே நேரத்துல எல்லா வண்டியும் கேட்டா வரிசை நீண்டு போச்சு. மறுபடியும் அதேதான், ஒரே மூளை, ஒரே நேரத்துல. மோதல் இல்ல, ஆனா ஃபயர் வண்டி வந்தா வழி எங்க?

அப்புறம் “அப்பா அம்மா பொங்கலுக்கு இங்க வர்றாங்க, ஏத்தலாமா”ன்னு கேட்ட சிஸ்டர்: தாராளமா ஏத்துங்க, நான் மாமனாரை ஏத்தினேனே. பின் சீட்லயும் பெல்ட் போடச் சொல்லுங்க, நம்ம ஆளுங்க பின் சீட்ல போட மாட்டாங்க. இறங்கறப்ப கதவைப் படார்னு திறக்க விடாதீங்க, பின்னாடி சைக்கிள் வரும். வண்டி எச்சரிக்கை கொடுக்கும், ஆனா கதவைத் திறக்கறது நம்ம கை, அப்படித் திறந்து சைக்கிள்காரங்க அடிபட்டு கேஸ் வரைக்கும் போயிருக்கு. டிப்ஸ் எவ்வளவு கொடுக்கணும்னு உங்க அப்பா கண்டிப்பாக் கேப்பார், என் மாமனார் டேஷ்போர்டு மேல அஞ்சு டாலர் வெச்சுட்டு இறங்கினார், நான்தான் திரும்ப எடுத்துக்கிட்டு வந்தேன்.